லேசர் செய்த கண்ணும் பிந்தி வரும் வருத்தங்களும்

நம்முடைய ஆலயத்தில் நடைபெறும் கந்தபுராணப் படிப்பில் நான் முன்போல வாசிப்பதில்லை என்பதையும், பயன் சொல்பவருக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்துவிடுகிறேன் என்பதையும் கண்ட அன்பர்கள் பலர் காரணம் கேட்டிருக்கிறார்கள். தொண்டை பழுதாகிவிட்டது என்று சிலரும், நிர்வாக சபையோடு ஏதோ மனஸ்தாபம் என்று சிலரும் எண்ணியிருப்பதாக அறிகிறேன். இரண்டும் இல்லை. காரணம் கண். 2002-ஆம் ஆண்டில் செய்துகொண்ட லேசர் சத்திரசிகிச்சை, பதின்மூன்று வருடங்கள் கழித்துக் கொண்டுவந்த வருத்தம் இது. மலர் ஆசிரியர் இதைப்பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது, கோயில் மலரில் கண் வருத்தத்துக்கு என்ன இடம் என்று தயங்கினேன். ஆனால் நம் சபை அங்கத்தவர்களிலும் அவர்களுடைய பிள்ளைகளிலும் எத்தனை பேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். இரண்டு கை விரல்களும் போதவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லேசர் சிகிச்சையைப் பழிப்பதற்காக நான் எழுதவில்லை. செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் சுகமாக இருக்கிறார்கள். எனக்கு வந்தது ஆயிரம் பேரில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு வருவது. ஆனால் அந்தச் சிலரும் பெரும்பாலும் தமக்கு என்ன நேருகிறது என்று அறியாமலே வருடக்கணக்காகக் கண்ணாடிக்கடைக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்கள். "பத்து நிமிட வேலை, அதோடு ஆயுள் முழுவதும் கவலையில்லை" என்று எனக்கு அன்று சொல்லப்பட்டது. பத்து நிமிடம் என்பது உண்மை. மற்றதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

இந்த லேசரின் பிறப்பில் நம்மவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1929-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய இரங்கசாமி சீனிவாசன் என்பவரே அவர். ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் என்ற இரு சகாக்களோடு சேர்ந்து, எக்சைமர் லேசர் என்னும் புற ஊதாக் கதிரால் உயிர்த் தசையைச் செதுக்க முடியுமா என்று 1981-ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். அமெரிக்கர்களின் நன்றி கூறும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டையே மறுநாள் ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றாராம். சைவ உணவுக்காரர் பொறுத்தருள்க. கருகிய அடையாளமே இல்லாமல், உளியால் வெட்டினாற்போல அந்தக் கதிர் தசையை வெட்டியது. சூடாக்கி எரிப்பதற்குப் பதிலாக, அணுக்களை இணைத்து வைத்திருக்கும் கட்டையே அது அறுத்துவிடுகிறது. 1983-இல் ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற நியூயோர்க் கண் வைத்தியர் சீனிவாசனோடு சேர்ந்து இதனைக் கண்ணுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். 2013-இல் அந்த மூன்று விஞ்ஞானிகளுக்கும் ஜனாதிபதி ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தார். என் கண்ணுக்கு நேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பெரியவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர் தந்தது ஒப்பற்ற உளி. எந்தக் கல்லில் எவ்வளவு செதுக்கலாம் என்று பார்ப்பது சிற்பியின் பொறுப்பு.

நிற்க. கண்ணில் செதுக்கப்படுவது எது என்று சொல்ல வேண்டும். கருவிழிக்கு மேலே, மணிக்கூட்டின் முகக்கண்ணாடி போல, தெளிவான ஒரு படலம் மூடியிருக்கிறது. இதனை விழிவெண்படலம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அதன் நடுவில் தடிப்பு ஏறக்குறைய 540 மைக்குரோன், அதாவது அரை மில்லிமீற்றரைவிடச் சற்றுக் கூட. அவ்வளவுதான். இரத்தக்குழாய் ஒன்றும் கிடையாது. மெல்லிய நார்த் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய் விரித்ததுபோல அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் படலத்தின் வளைவுதான் வெளிச்சத்தைப் பெரும்பாலும் குவிக்கிறது. வளைவைச் சிறிது தட்டையாக்கினால் கிட்டப்பார்வை நீங்கும்.

லேசிக் முறையில், முதலில் படலத்தின் மேற்பகுதியை வட்டமாகச் சீவி, ஒரு பக்கம் ஒட்டிய மூடி போலத் திறப்பார்கள். அடியில் இருப்பதை லேசர் செதுக்கும். பிறகு மூடியைப் பழையபடி படிய விடுவார்கள். தையல் இல்லை. மறுநாளே பார்வை தெளிந்துவிடும். இங்கேதான் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த மூடி ஓரத்தில் மட்டுமே ஓரளவு உறுதியாக ஒட்டுகிறது. நடுப்பகுதி முன்பிருந்த பலத்தோடு ஒருபோதும் சேர்வதில்லை. படலத்தின் பலமோ முன்பக்கத் தட்டுகளில்தான் அதிகம். அவற்றை வெட்டிவிட்டபின், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை ஆயுள் முழுவதும் தாங்க வேண்டியது அடியில் எஞ்சிய தட்டுகளே.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். ரயர் தேய்ந்துபோன இடத்தில் ரியூப் மெதுவாகப் புடைத்துக்கொண்டு வரும் அல்லவா? காற்று அடித்த அன்றைக்கு அது தெரியாது. ஓடி ஓடித்தான் தெரியும். அதுபோலவே, எஞ்சிய படலம் மெலிந்திருந்தால் அது சிறிது சிறிதாக முன்னோக்கிப் புடைக்கும். இதற்கு எக்டேசியா என்று பெயர். லேசிக் செய்த கண்களில் இது வருவதைத் தியோ சைலர் என்ற வைத்திய நிபுணர் 1998-இல் எடுத்துக்காட்டினார். அடியில் 250 மைக்குரோனாவது மிஞ்ச வேண்டும் என்ற எல்லையை அதன்பின் வைத்தியர்கள் பொதுவாகக் கடைப்பிடித்தார்கள். அந்த எல்லைக்குள் நின்றும் சிலருக்கு வந்திருக்கிறது. எல்லைக்குக் கீழே போயும் பலர் நன்றாக இருக்கிறார்கள்.

என் கணக்கு இது. வலது கண்ணின் தடிப்பு 512. மூடிக்கு 160 என்று திட்டமிட்டார்கள். என்னுடைய கண்ணாடியின் வலு மைனஸ் ஏழு ஆதலால் லேசர் செதுக்கியது ஏறக்குறைய 100. மிச்சம் 252. தாளில் பார்த்தால் எல்லைக்குள்தான். ஆனால் அக்காலத்தில் மூடியைச் சீவியது சிறு அலகு பூட்டிய யந்திரம். திட்டமிட்ட அளவிலிருந்து அது கூடவும் குறையவும் வெட்டும் என்பது தெரிந்த விஷயம். பல வருடங்களின் பின் அரசாங்க வைத்தியசாலையில் அளந்தபோது என் மூடியின் தடிப்பு 190 என்று வந்தது. அப்படியானால் அடியில் மிஞ்சியது எவ்வளவு என்பதை வாசகர்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பதின்மூன்று வருடங்கள் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. காலையில் எழுந்து கைநீட்டிக் கண்ணாடி தேடாமல் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது கண்ணாடி போட்டவர்களுக்கே தெரியும். 2015-இன் நடுப்பகுதியில் இரவில் கார் ஓட்டும்போது எதிரே வரும் விளக்குகளுக்கு வால் முளைத்தது. கண்ணாடிக்கடைக்காரர் சோதித்து, "வயது போகிறது, சிறிய வலு ஒன்று வேண்டும்" என்று கண்ணாடி தந்தார். நாலு மாதத்தில் அது பொருந்தவில்லை. வேறொன்று தந்தார். அதுவும் பொருந்தவில்லை. ஒவ்வொரு முறையும் வலுவும் கோணமும் மாறிக்கொண்டே போயின.

கோயிலில்தான் இது எனக்கு முழுமையாக விளங்கியது என்று சொல்ல வேண்டும். ஐயர் ஒற்றைத் தீபம் காட்டும்போது வலது கண்ணுக்கு நாலு சுடர் தெரிந்தது. ஒன்று தெளிவாக, மற்ற மூன்றும் அதன் கீழே நிழல்போல. பஞ்சாரத்தி காட்டும்போது எண்ணுவதை விட்டுவிட்டேன். மூலவரின் முகம் இருந்த இடத்தில் ஒளி மட்டுமே இருந்தது. புராணப் புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் இன்னொரு வரி படிந்து கிடந்தது. விருத்தத்தை நினைவில் வைத்தே பாதி வாசித்தேன். அடுத்த பாட்டின் முதற்சீர் வராமல் நின்றுபோன அன்று, சபையில் இருந்த வயோதிப அம்மா ஒருவர் எடுத்துக்கொடுத்தார். அவருக்கு என் நன்றி.

2016-இன் தொடக்கத்தில் என் குடும்ப வைத்தியர் வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே கண்ணின் நில அளவைப் படம் ஒன்று எடுத்தார்கள். மேடு சிவப்பாகவும் தட்டை நீலமாகவும் வரும். என் வலது கண்ணின் கீழ்ப்பாதி கனிந்த தக்காளிபோலச் சிவந்திருந்தது. கண்ணாடிக்கடையில் எழுத்துப் பலகையை வாசிக்க வைக்கும் சோதனையில் இது அகப்படாது. லேசர் செய்த ஒருவருக்கு வலு அடிக்கடி மாறுகிறது என்றால், இந்தப் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இக்கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்திருப்பதானால் அன்பர்கள் இதையே வைத்திருங்கள்.

புடைப்பை நிறுத்துவதற்கு ஒரு சிகிச்சை உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து வைத்தியர்கள் அதன் முதற்பெறுபேறுகளை 2003-இல் வெளியிட்டார்கள். படலத்தின் மேற்தோலை நீக்கி, ரைபோபிளேவின் என்ற மஞ்சள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதன்மேல் புற ஊதா வெளிச்சத்தைப் பாய்ச்சுவார்கள். ரைபோபிளேவின் என்பது வேறொன்றுமில்லை, விற்றமின் பி2. வெளிச்சம் பட்டதும் நார்களுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகிப் படலம் இறுகுகிறது. முதன்முறையில் வகுத்தபடி, மருந்து ஊற அரை மணி, வெளிச்சம் அரை மணி. செய்யும்போது நோவில்லை. அன்றிரவு தொடங்கி மூன்று நாள் கண்ணுக்குள் மிளகாய்த் தூள் கொட்டியதுபோல இருந்தது. இந்தச் சிகிச்சை போன பார்வையை மீட்டுத் தராது. மேலும் கெடாமல் நிறுத்தும். என்னுடையது அன்று நின்றது நின்றபடி இருக்கிறது.

பார்வைக்கு இப்போது ஸ்கிளீரல் லென்ஸ் என்ற பெரிய வில்லை போடுகிறேன். சாதாரண கொன்டக்ட் லென்ஸை விடப் பெரியது. கண்ணின் வெள்ளையில் காலூன்றி நிற்கும். உள்ளே உப்புநீர் நிரப்பிக் குனிந்த தலையோடு போட வேண்டும். மேடு பள்ளம் எல்லாவற்றையும் அந்த நீர் சமப்படுத்திவிடும். முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு வந்து தீபாராதனை பார்த்தபோது ஒரு தீபம் ஒரு தீபமாகவே தெரிந்தது. ஆனால் பல மணி நேரம் கழிய உள்ளேயுள்ள நீர் பால்போல மங்கும். கழற்றிக் கழுவித் திரும்பப் போட வேண்டும். காலையில் வேலைக்குப் போட்டது மாலைப் புராணப் படிப்புக்கு நிற்பதில்லை. சிவராத்திரியில் நாலு சாமமும் பார்க்க இடையில் இரண்டு முறையாவது கழற்ற வேண்டியிருக்கிறது. கைகழுவும் இடத்தில் குனிந்து நின்று நான் என்ன செய்கிறேன் என்று வியந்த சிறுவர்களுக்கு இதுவே பதில்.

இதுவும் பலிக்காதவர்களுக்குக் கடைசி வழி, இறந்தவர் ஒருவர் தந்த விழிவெண்படலத்தைப் பொருத்துவது. கண்ணப்ப நாயனாரைக் கும்பிடும் நமக்குக் கண் தானம் புதிதல்ல. நாம் பிறந்த இலங்கையிலும் டொக்டர் ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கிய கண் தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கண்களை அனுப்பியிருக்கிறது. ஒன்றை மட்டும் தானம் எழுதிக்கொடுத்தவர்கள் அறிந்திருக்க வேண்டும். லேசர் செய்த படலத்தை இன்னொருவருக்கு முழுப் படலமாகப் பொருத்த எடுப்பதில்லை. ஆகவே தானப் பத்திரம் எழுதியவர்கள் தம் லேசர் சிகிச்சையைப் பற்றி வீட்டாருக்கும் சொல்லிவைத்தல் நன்று.

எக்டேசியா ஒன்றுதான் பிந்தி வருவது என்று எண்ண வேண்டாம். மூடி இறுக ஒட்டுவதில்லை என்றேன். பத்து வருடம் கழித்தும், கண்ணில் பலமாக ஏதாவது பட்டு அது விலகியவர்கள் இருக்கிறார்கள். மரக்கிளை, குழந்தையின் விரல் நகம், காரின் காற்றுப்பை எல்லாம் காரணமாகியிருக்கின்றன. நம் கோயிலில் தோரணம் கட்டும்போது தென்னோலைக் கூர் கண்ணுக்கு நேரே வரும். சிதறு தேங்காய் அடிக்கும்போது சிரட்டைத் துண்டு தெறிக்கும். லேசர் செய்த இளைஞர்கள் சிறிது விலகி நிற்பதில் பக்தி குறைந்துவிடாது. அடிபட்டு நோவும் மங்கலும் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலையின் அவசரக் கண் பிரிவுக்குப் போக வேண்டும். நாள் கடந்தால் மூடியில் சுருக்கம் விழும், அடியில் மேற்தோல் புகுந்து வளரத் தொடங்கும்.

வரட்சியும் பலருக்கு உண்டு. மூடி சீவும்போது உணர்ச்சி நரம்புகள் அறுபடுவதே காரணம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் சரியாகும், சிலருக்கு நீடிக்கும். கற்பூரப் புகையில் கண் எரியும்போது கை தானாகக் கசக்கப் போகும். திருநீறு விழுந்தாலும் அப்படியே. கசக்குவது மெலிந்த படலத்துக்குப் பெரிய எதிரி. செயற்கைக் கண்ணீர்ச் சிமிழ் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் போதும்.

ஐம்பது அறுபது வயதானவர்கள் அடுத்து வருவதைக் கவனமாக வாசிக்க வேண்டுகிறேன். கண்புரை எடுத்து உள்ளே வைக்கும் வில்லையின் வலுவை, விழிவெண்படலத்தின் வளைவை அளந்தே கணிக்கிறார்கள். லேசர் அந்த வளைவை மாற்றிவிட்டது. வழக்கமான கணக்கை அப்படியே போட்டால் வில்லையின் வலு குறைந்து, தூரப்பார்வைக்காரராக எழும்பி வருவீர்கள். என் நண்பர் ஒருவருக்கு அப்படியே நடந்தது. தாம் லேசர் செய்ததை அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. லேசர் செய்த கண்ணுக்கென்று வேறு கணக்கு முறைகள் இருக்கின்றன, சொன்னால்தான் அவற்றைப் போடுவார்கள். கண் அழுத்தமும் அவ்வாறே. படலம் மெலிந்திருப்பதால் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குளுகோமா இருந்தும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படக்கூடும்.

ஆதலால் சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகள் எழுதிய தாள் தங்கத்துக்குச் சமம். எனக்குச் சிகிச்சை செய்த நிலையம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பழைய பதிவுகள் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. என் மனைவி பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களோடு அந்தத் தாளையும் ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டு வைத்திருந்தபடியால் தப்பினேன். வைத்தியசாலை நிபுணர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். உங்கள் தாள் கையில் இல்லையென்றால், நிலையம் திறந்திருக்கும்போதே எழுதிக் கேளுங்கள்.

என் தம்பியின் மகளுக்குச் சென்ற வருடம் கலியாணம் பேசி முடிந்தது. மணவறையில் கண்ணாடியோடு இருப்பதா என்ற பேச்சு பெண்கள் பக்கத்தில் எழுந்தது. மாப்பிள்ளையும் கண்ணாடி போடுபவர்தான். அவரைக் கழற்றும்படி ஒருவரும் சொல்லவில்லை என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

"பெரியப்பா, எல்லாரும் செய்யினம்தானே. பத்து நிமிசத்தில முடிஞ்சிடும் எண்டு சொல்லுகினம்" என்றாள் பிள்ளை.

"செய்யிறதெண்டால் செய் பிள்ளை, நான் மறிக்கேல்லை. ஆனால் அளந்துபோட்டுச் செய்" என்றேன்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்து புல்மகரந்த ஒவ்வாமை. கோடை வந்தால் இரண்டு கையாலும் கண்ணைக் கசக்குவாள். நம் ஆட்களுக்கு இன்னொரு காரணமும் சொன்னேன். கெரட்டோகோனஸ் என்று, லேசர் செய்யாமலே விழிவெண்படலம் கூம்பாகப் புடைக்கும் வருத்தம் ஒன்றுண்டு. லெஸ்டர் பகுதியில் செய்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தெற்காசிய வழியினரிடம் அது வெள்ளையரைவிட நாலு மடங்குக்கு மேல் காணப்பட்டது. மறைந்திருக்கும் அந்த வருத்தத்தோடு லேசர் செய்தால் எக்டேசியாவுக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும்.

கொன்டக்ட் லென்ஸை இரண்டு கிழமை கழற்றி வைத்து (போட்டுக்கொண்டு போனால் அளவு பிழைக்கும்) படம் எடுத்தார்கள். சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரையே வேறொரு நாளில் நேரில் சந்திக்க வேண்டும் என்று கேட்டோம். இந்நாட்டுக் கண் வைத்தியர் கல்லூரி 2017-இல் வகுத்த விதிகளிலும் அது இருக்கிறது. அந்த வைத்தியர் நேர்மையானவர். தடிப்பு 488, இடது கண்ணின் கீழ்ப்பக்கம் இலேசான மேடு. "உங்களுக்கு லேசர் செய்ய மாட்டேன். கண்ணைக் கசக்குவதை இன்றோடு விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் படத்தை எடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். தம்பி மனைவி அன்று காரில் வீடு வரும்வரை பேசவில்லை. கண் வருத்தக்காரி என்று மாப்பிள்ளை வீட்டில் நினைத்துவிடுவார்களோ என்பது அவருடைய பயம். பிள்ளை தானே தொலைபேசி எடுத்து அவரிடம் முழுவதையும் சொல்லிவிட்டாள். அடுத்த கிழமை அவரும் போய்த் தன் கண்ணை அளந்துகொண்டு வந்தார்.

கலியாணம் நம் கோயில் மண்டபத்தில்தான் நடந்தது. இருவரும் கண்ணாடியோடு இருந்ததை வந்தவர்கள் கண்டிருப்பீர்கள். அவளுடைய இரண்டாவது படத்தில் மேடு கூடவில்லை. மூன்றாவது படம் வரும் தை மாதம்.

லேசர் செய்துகொண்டவர்களோ, செய்ய எண்ணியிருப்பவர்களோ என்னோடு பேச விரும்பினால், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் தேநீர் ஊற்றும் மேசையடியில் நிற்பேன். பழைய அளவுத் தாள் கையில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் இருவருமாக வாசித்துப் பார்ப்போம்.